துண்டுக்கடியில் போட்ட விதி

மூக்கையாவுக்குத் திண்டுக்கல் சந்தையில் மாட்டுத் தரகு. முப்பது வருஷமாகப் பிறத்தியார் கையைத் துண்டுக்கடியில் பிடித்தே பிழைத்தவர். விற்கிறவன் கையோ வாங்குகிறவன் கையோ உள்ளே, மேலே ஒரு துண்டு, அடியில் தரகர் கை. எந்த விரலைப் பிடித்தால் என்ன விலை என்பது பிடித்தவனுக்கும் பிடிபட்டவனுக்கும்தான் தெரியும். சுற்றி நிற்கிற நூறு பேருக்குத் துண்டு அசைவது மட்டும் தெரியும். முகம் பொய் சொல்லும், விரல் சொல்லாது என்பது அவர் கட்சி.

அந்த வித்தை செல்லாத ஒரே ஆள் அவர் மகள் ஜக்கம்மாள். அவள் துண்டு போடாமலே பேரத்தை முடித்துவிடுவாள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் தைப் பிறப்புக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அடுத்த தெருவிலிருந்து வந்தவள், நின்றவாக்கிலேயே ஆரம்பித்தாள்.

"அய்யா, இந்த வருஷம் பொங்கல் சிலம்பப் போட்டிக்கு நீங்கதான் காரியதரிசியாமே?"

"ஆமாத்தா. ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான ஆளுன்னு என்னையப் போட்டுட்டாக."

"நல்லதாப் போச்சு. தலையில தோல் குல்லா மாட்டாம ஒருத்தனும் களத்துல எறங்கக் கூடாதுன்னு ஒரு விதி எழுதுங்க."

மூக்கையாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. போன வருஷப் போட்டியில் அவள் புருஷன் பொன்னழகுக்கு இடது காதுக்கு மேலே கம்பு விழுந்து மண்டை பிளந்தது. ஏழு தையல். பிழைத்து எழுந்தபோது டாக்டர் சொன்னார்: "எலும்பு கூடிவிட்டது. அதே இடத்தில் இன்னொரு அடி விழுந்தால் என்னிடம் தூக்கிக்கொண்டு வராதீர்கள், பிரயோசனம் இல்லை." அதைக் கேட்டுப் பத்து மாதம் கம்பைத் தொடாமல் இருந்த பொன்னழகு, கார்த்திகை பிறந்ததும் மறுபடி சுற்ற ஆரம்பித்துவிட்டான்.

"இதை ஓம் புருஷன்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லாம இருப்பேனா? நான் மட்டும் குல்லா மாட்டிக்கிட்டுப் போனா ஊரே சிரிக்கும்ங்காரு. எல்லாரும் மாட்டுனா என்ன செய்வீகன்னு கேட்டேன். எல்லாரும் மாட்டுனா அது சட்டம், மாட்டித்தானே ஆகணும்னாரு."

மூக்கையா யோசித்தார். ஒருவன் பயந்தால் கோழை. ஊரே சேர்ந்து பயந்தால் அது விதி. மருமகன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

"சரி, பாப்போம்."

"பாக்குறதெல்லாம் வேணாம். முடிச்சுட்டு வாங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

முடிப்பது அத்தனை லேசு இல்லை. போட்டி இரண்டு கட்சிக்கு. ஒரு பக்கம் திண்டுக்கல்காரர்கள். அவர்களுக்கு வாத்தியார் பாஸ்கல், சுருட்டுக் கிட்டங்கியில் மேஸ்திரி. இன்னொரு பக்கம் பழனிப் பக்கத்துக் கீரனூர்க்காரர்கள்; அவர்களுக்கு வாத்தியார் நாச்சிமுத்து, ஆறு ஏர் வைத்து உழுகிற சம்சாரி. தலையில் எதையாவது கட்டிக்கொண்டு ஆடச் சொன்னால் இருவருமே வேட்டியை அவிழ்க்கச் சொன்ன மாதிரி பார்ப்பார்கள். அதிலும் சிஷ்யப்பிள்ளைகள் சுற்றி நிற்கையில் முதலில் சம்மதிக்கிறவன் யார்?

அதோடு இன்னொரு சங்கடம். குல்லா யாருக்காகக் கேட்கப்படுகிறது என்று கீரனூருக்குத் தெரிந்துவிடக் கூடாது. போன வருஷம் அடிபட்டது எல்லாருக்கும் தெரியும்; அந்த இடம் இன்னொரு அடி தாங்காது என்று எதிராளிக்குக் காட்டிக்கொடுப்பதற்கு மாமனார் எதற்கு?

சந்தையில் நமக்கு வேண்டிய மாட்டை நாம் பார்க்கக் கூடாது. பக்கத்து மாட்டின் பல்லைப் பார்க்க வேண்டும், அதற்கும் பக்கத்து மாட்டின் வாலை முறுக்க வேண்டும், போகிற போக்கில் "இது என்னப்பா, இதையும் சேத்துக் கட்டி வச்சிருக்க?" என்று கேட்க வேண்டும். மூக்கையா அந்த வழியையே பிடித்தார்.

நகராட்சி மைதானத்து வேப்பமரத்தடியில் கூட்டம். பக்கத்துக்கு ஆறு பேர் என்று பன்னிரண்டு ஆட்டக்காரர்களும் வந்திருந்தார்கள். போன வருஷத்து ரத்தத்தைப் பார்த்த சப்-இன்ஸ்பெக்டர், விதிகளைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால்தான் அனுமதி என்று சொல்லியிருந்தார். ஆகவே காகிதமும் மசிக்கூடும் இருந்தன.

பாதி விதிகள் சண்டையில்லாமல் ஏறின. கணு துருத்திய மூங்கில் ஆகாது. கம்பு நுனியில் துணி சுற்றிக் காவியில் தோய்க்க வேண்டும். உடம்பில் காவி பட்டால் ஒரு புள்ளி, தலையில் பட்டால் இரண்டு. இடுப்புக்குக் கீழே பட்டால் அடித்தவனுக்கு ஒரு புள்ளி கழிவு. கம்பைத் தவறவிட்டவனை அடிக்கக் கூடாது. விசில் ஊதினால் நிறுத்த வேண்டும்.

அப்புறம்தான் மூக்கையா தொண்டையைச் செருமினார்.

"போலீசுக்காரரு காயமே படக் கூடாதுங்காரு. அதனால அஞ்சு சாமான் கேக்குறேன். முழங்காலுக்குக் கீழ தோல் பட்டை. கைக்கு உறை. மாருக்குத் தோல் கவசம். கழுத்துக்கு ஒரு பட்டை. அப்புறம்... எழுதுனதுக்கு எழுதி வைப்போம், தலைக்கு ஒரு குல்லா."

கூட்டம் சிரித்தது. "மூக்கையாண்ணே, மூக்கணாங்கயிறை விட்டுட்டீகளே!" என்று ஒருவன் கத்தினான். பாஸ்கல் மீசையைத் தடவினார். "ஏன் தரகரே, கம்பு சுத்த வாரானுகளா, மழைக்கு ஒதுங்க வாரானுகளா?" நாச்சிமுத்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"வாயால பேச வேணாம்," என்று மூக்கையா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். "அஞ்சு சாமானுக்கு அஞ்சு விரல். சுண்டுவிரல் காலுக்கு, கட்டைவிரல் தலைக்கு. எதுக்குச் சம்மதமோ அந்த விரலை என் கையில குடுங்க. யாரு எதைக் குடுத்தாகன்னு வெளிய தெரியாது. முடிவை மட்டும் நான் சொல்லுவேன்."

அவர் கணக்கு எளிமையானது. ஐந்து கேட்டால் ஆளுக்கு ஒன்றோ இரண்டோ கொடுப்பார்கள். கட்டைவிரலைக் கொஞ்சம் நெருக்கிப் பிடித்து, மற்ற நான்கையும் தாராளமாக விட்டுவிட்டால் காரியம் முடிந்தது. மைதானத்தில் இருந்த எல்லார் தலையையும் பார்த்துப் பேசினார். மருமகன் நின்ற பக்கம் மட்டும் திரும்பவில்லை.

முதலில் நாச்சிமுத்துவின் கை. துண்டுக்கடியில் போனதுமே ஐந்து விரலும் மொத்தமாக வந்து அவர் உள்ளங்கையில் உட்கார்ந்தன. மூக்கையாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. முப்பது வருஷத்தில் கேட்ட விலைக்கே மாடு வாங்கினவனை அவர் கண்டதில்லை. கையைக் கொஞ்சம் அசைத்து, ஆள் தெரிந்துதான் கொடுக்கிறாரா என்று பார்த்தார். ஐந்தும் அசையவில்லை.

நாச்சிமுத்துவின் யோசனை வேறு. பாஸ்கல் எப்படியும் மறுப்பார். போட்டி நின்றால் கெட்ட பெயர் திண்டுக்கல்லுக்கு. நாம் எல்லாவற்றுக்கும் சம்மதித்தோம் என்று பழனி வரைக்கும் சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்துப் பாஸ்கலின் கை. அவரும் ஐந்து விரலையும் கொடுத்தார். கீரனூர்க்காரன் மறுப்பான் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

துண்டுக்கடியில் கொடுத்த விரலைத் திரும்ப வாங்குகிற வழக்கம் சந்தையில் கிடையாது. மூக்கையா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் அஞ்சுக்கும் சம்மதம்."

இரண்டு வாத்தியார்களும் ஒருவரையொருவர் பார்த்த பார்வையில், யார் யாரை ஏமாற்றினார்கள் என்று இருவருக்குமே தெரியவில்லை.

பேகம்பூரில் ஜட்கா வண்டிக் குதிரைகளுக்குச் சேணம் தைக்கிறவர் கிதர் முகம்மது. பன்னிரண்டு ஆளுக்கு ஐந்து ஐந்து சாமான், பதினைந்து நாளில் வேண்டும் என்றதும் அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணே, நான் குதிரைக்குத் தைக்கிறவன். அது நாலு கால்ல நிக்கும், தாங்கும். மனுசன் இதெல்லாத்தையும் மாட்டிக்கிட்டு நடப்பானா?"

"நடக்குறது அவன் பாடு பாய். குல்லாவை மட்டும் நல்லாப் பாத்துத் தையுங்க. மத்ததெல்லாம் ஏனோதானோன்னு இருந்தாலும் போதும்."

கிதர் முகம்மது அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அதென்ன, அம்புட்டு சாமான்ல குல்லாவுக்கு மட்டும் சிபாரிசு?"

"தலை ஒண்ணுதானே இருக்கு," என்றார் மூக்கையா.

குல்லாக்கள் நன்றாகவே வந்தன. இரண்டு மடிப்புத் தோலுக்கு நடுவே தேங்காய் நாரை அடித்துத் திணித்து, காது மறைய மடல் வைத்து, தாடைக்கு வார் கட்டியிருந்தார். தோல் நிறத்தில் காவி தெரியாது என்று அவர் சம்சாரம் நர்கீஸ்தான் யோசனை சொன்னாள். குல்லாவுக்கு மேலே வெள்ளைக் காடாத்துணியைப் போர்த்தித் தைத்தும் கொடுத்தாள். மூக்கையா ஒரு குல்லாவைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு, பாயிடம் உலக்கையைக் கொடுத்து ஒன்று போடச் சொன்னார். பாய் மறுத்தார். கடைசியில் மூக்கையா தானே போய்த் தூணில் முட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டார்.

போட்டியன்று மைதானம் கொள்ளவில்லை. வீரர்கள் உள்ளே நுழைந்ததும் சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. காலில் பட்டை, கையில் உறை, மாரில் கவசம், கழுத்தில் பட்டை, தலையில் மடல் வைத்த வெள்ளைக் குல்லா. பன்னிரண்டு பேரும் உப்புமூட்டை தூக்கின மாதிரி காலை அகட்டி அகட்டி வந்தார்கள். "ஏலே, இவனுகளை அடிக்க வேணாம், தள்ளிவிட்டாப் போதும், எந்திரிக்க மாட்டானுக!" என்று ஒரு குரல்.

நடுவராக இருந்த டிரில் மாஸ்டர் விசில் ஊதினார். முதல் ஜோடி சுற்றிச் சுற்றி வந்தது. கழுத்துப் பட்டை திரும்ப விடவில்லை, மாரில் இருந்தது குனிய விடவில்லை. நாலு நிமிஷத்தில் இருவருக்கும் காவி படவில்லை, வேர்வை மட்டும் ஊற்றியது. கோபம் வந்த கீரனூர் பையன் ஓங்கி ஒரு வீச்சு வீசினான். உறை போட்ட கையில் கம்பு எங்கே நிற்கும்? வழுக்கி, விர்ரென்று பறந்து, பந்தலில் உட்கார்ந்திருந்த சப்-இன்ஸ்பெக்டரின் சோடா பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் விழுந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் எழுந்துவிட்டார். "யோவ் மூக்கையா! போன வருஷம் ஆடுறவன் மண்டைதான்யா போச்சு. இந்த வருஷம் பாக்க வந்தவன் மண்டையா?"

அதுதான் சாக்கு. "தூக்கி எறிங்கடா இந்தச் சனியனை!" என்று திண்டுக்கல் பக்கத்தில் ஒருவன் கவசத்தை அவிழ்த்தான். கீரனூரும் அவிழ்த்தது. பட்டைகள் பறந்தன, உறைகள் பறந்தன. பொன்னழகின் கை தாடை வாருக்குப் போவதை மூக்கையா பார்த்தார். அந்த ஒரு வாரை அவிழ்த்துவிட்டால் மூன்று வாரத்து வேலையும் அதோடு போயிற்று, மகள் முகத்தில் முழிக்கவும் முடியாது.

"நிறுத்துங்கப்பா!" என்று களத்துக்கு நடுவே ஓடினார். "துண்டுக்கடியில போட்ட விதி இது. துண்டுக்கடியிலதான் எடுக்கணும். ரெண்டு வாத்தியாரும் வாங்க!"

அவிழ்த்த கைகள் நின்றன. இப்படி ஒரு வேடிக்கையை யார் விடுவார்கள்? மூக்கையா இடது கையில் பாஸ்கலையும் வலது கையில் நாச்சிமுத்துவையும் பிடித்துக்கொண்டு, மேலே துண்டைப் போட்டுக்கொண்டார். ஐந்து விரலையும் விட்டுவிட வேண்டும் என்று இருவர் கையும் துடித்தது. அவர் முந்திக்கொண்டார். கேட்பதற்கு முன்பே சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், ஆள்காட்டி என்று நான்கையும் மளமளவென்று அவரே விட்டுவிட்டார். கட்டைவிரலை மட்டும் விடவில்லை.

பேரம் முடிந்து கை பிரிகையில் தரகர் தனக்கென்று ஒரு சொல் கேட்பது சந்தை வழக்கம். கழுத்து மணி மாட்டோடு போகட்டும் என்பார், கன்றை ஒரு வாரம் தாயோடு விடு என்பார். நாலு விட்டுக்கொடுத்த தரகனிடம் அந்த ஒன்றை மறுக்கிறவனுக்கு மறு வாரம் யாரும் துண்டு போட மாட்டார்கள்.

"எனக்குன்னு இதை மட்டும் விட்டுருங்க," என்றார் மூக்கையா, இருவருக்கும் மட்டும் கேட்கிற குரலில்.

பாஸ்கல் மாடு வாங்கிப் பழகாதவர், வழக்கம் தெரியாது. ஆனால் போன வருஷம் பொன்னழகைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அவர்தான். அவர் விரல் அடங்கிவிட்டது.

நாச்சிமுத்துவின் விரலும் அடங்கியது. ஆனால் அவர் குனிந்து காதோரம் கேட்டார்: "ஏனுங்க தரகரே, மருமகனுக்குங்களா?"

மூக்கையா அப்போதும் மருமகன் பக்கம் திரும்பவில்லை.

"நானும் மாடு வாங்கறவனுங்க. அன்னைக்கு மரத்தடியில பதினோரு பேரைப் பாத்துப் பேசுனீங்க. ஒருத்தரை மட்டும் பாக்கவே இல்லீங்களே. அப்பவே நெனச்சனுங்க." சொல்லிவிட்டு நாச்சிமுத்து கையை உருவிக்கொண்டு தன் பக்கம் போய்விட்டார்.

"குல்லா மட்டும்! மத்தது நாலும் தள்ளுபடி!" என்று மூக்கையா கூவினார். மைதானம் ஆரவாரித்தது. நான்கு பாரம் இறங்கின சந்தோஷத்தில் ஐந்தாவது ஒரு பாரமாகவே யாருக்கும் தெரியவில்லை. குல்லாவோடு குதித்துக் குதித்து ஆடினார்கள். சோடா பாட்டிலை மறந்து சப்-இன்ஸ்பெக்டரே கைதட்டினார்.

மூக்கையாவால்தான் ஆட்டத்தைப் பார்க்க முடியவில்லை. கடைசி ஜோடி பொன்னழகும் கீரனூர் சடையாண்டியும். சடையாண்டி பனைமரம் மாதிரி ஆள். கம்பைக் கையில் எடுத்தால் காற்று ஒதுங்கும். இறங்குவதற்கு முன் நாச்சிமுத்து அவன் காதில் என்னவோ ஓதினார். ஓதியபோது தன் இடது காதுக்கு மேலே ஒரு தரம் சொறிந்துகொண்டார். சொறிந்தாரா, காட்டினாரா?

ஆட்டம் நன்றாகத்தான் இருந்தது. பொன்னழகு கால் தரையில் பாவாமல் விளையாடினான். சடையாண்டியின் பனியனில் ஆறு காவித் தீற்றல், பொன்னழகின் பனியனில் ஐந்து. டிரில் மாஸ்டர் கடிகாரத்தைக் கையில் எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து, கீழே போவதுபோல் போன சடையாண்டியின் கம்பு பாதி வழியில் மனசு மாறி மேலே எழும்பியது.

டொம்!

தவில்காரன் ஒற்றை அடி அடித்த மாதிரி சத்தம். சரியாக இடது காதுக்கு மேலே. வெள்ளைத் துணியில் சிவப்பாக ஒரு வட்டம். அது காவிதானா என்று பார்க்க மூக்கையாவுக்குத் தைரியம் இல்லை.

பொன்னழகு நின்றான். கண்ணைச் சிமிட்டினான். மடலைத் தூக்கிச் சுண்டுவிரலைக் காதுக்குள் விட்டு ஒரு குடை குடைந்தான். பிறகு சிரித்தான்.

"நல்லாப் போட்டய்யா அடி!" என்று சடையாண்டியின் தோளைத் தட்டினான். விசில் ஒலித்தது. ஏழுக்கு ஆறு. கீரனூர் ஜெயித்தது. ரத்தம் ஒரு சொட்டுக் கிடையாது.

கூட்டம் கலைகையில் மூக்கையா நேரே நாச்சிமுத்துவிடம் போனார். தரகுக்காரர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை, அன்றைக்குப் பார்த்திருக்கலாம்.

"வாத்தியாரே, தெரிஞ்சே அந்த எடத்துல அடிக்கச் சொன்னீகளே, நியாயமா இது?"

"நியாயந்தானுங்க," என்றார் நாச்சிமுத்து நிதானமாக. "தலைக்கு ரெண்டு புள்ளின்னு நீங்கதானுங்களே எழுதுனீங்க. குல்லா இருக்கறதாலதான் அடிக்கச் சொன்னனுங்க. வெறுந்தலையா வந்திருந்தா அந்தப் பக்கம் கம்பைக் கொண்டுபோகாதேன்னு சடையாண்டிகிட்ட முன்னாடியே சொல்லி வச்சிருந்தேன். கேட்டுப் பாருங்க."

சடையாண்டி தூரத்திலிருந்து தலையாட்டினான். அப்பாவி முகம். மூக்கையா அதையும் பார்த்தார், நாச்சிமுத்து முகத்தையும் பார்த்தார். குல்லா இல்லாவிட்டால் அடியே விழுந்திருக்காதா? அப்படியானால் மூன்று வாரம் அலைந்து மருமகன் தலைக்கு அடியை வரவழைத்தவர் தாமேதானா? இருக்கலாம். ஆனால் சடையாண்டியின் கம்பு பாதி வழியில் மனசு மாறுகிற கம்பு. அந்த நல்லெண்ணத்தை நம்பி மாட்டை அவிழ்த்துவிட அவர் தயாராக இல்லை. கண்ணுக்குத் தெரிந்த தேங்காய் நாரே மேல்.

"சரி, கையைக் குடுங்க," என்றார். நாச்சிமுத்து கொடுத்தார். துண்டு இல்லாமலே பிடித்துக் குலுக்கிக்கொண்டார்கள். "அடுத்த வருசம் தலைக்கு ஒரு புள்ளிதான். இப்பவே சொல்லிட்டேன்." "அதைத் துண்டு போட்டுப் பேசிக்கலாமுங்க," என்றார் நாச்சிமுத்து.

மகள் வீட்டுக்கு வந்தபோது ஜக்கம்மாள் புருஷனை முற்றத்தில் உட்காரவைத்து, தலைமயிரை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள், பேன் பார்க்கிற மாதிரி.

"அய்யா, ஒண்ணுமில்லய்யா. தடிப்புக்கூட இல்ல."

பொன்னழகு முறைத்தான். "ஒண்ணுமில்லையா? ஜெயிக்க வேண்டிய ஆட்டம் போச்சுடி. குல்லா இல்லேன்னா சட்டுனு குனிஞ்சிருப்பேன். இருக்குங்கிற தைரியத்துல நின்னு தொலைச்சுட்டேன். மாமா, எந்தப் புண்ணியவான் இந்த விதியைக் கொண்டுவந்தான்?"

மூக்கையா செம்புத் தண்ணீரைக் காலில் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். "போலீசுக்காரரு மாப்ள," என்றார்.

ஜக்கம்மாள் சிரிப்பை அடக்கப் புருஷன் தலையைக் குனிந்து இன்னும் ஒரு தரம் பார்த்தாள்.

"அப்ப அவருகிட்டச் சொல்லி வைங்க மாமா," என்றான் பொன்னழகு. "மடல் காதை ரொம்ப அழுத்துது. சடையாண்டி காலடி வச்ச சத்தமே கேக்கல. அடுத்த வருசத்துக்குக் காதுகிட்ட ஓட்டை போட்டுத் தைக்கணும்."

"சொல்லுறேன், சொல்லுறேன்," என்றார் மூக்கையா. ஜக்கம்மாள் சோற்றுப்பானையை இறக்கிக்கொண்டே கேட்டாள்: "எம்புட்டுப் பெரிய ஓட்டை?"

"கம்பு நுழையாத ஓட்டை," என்றான் பொன்னழகு. தட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.